பளியர் என்று எழுதுவதா, பள்ளியர் என்று எழுதுவதா?



பஞ்சாயத்து அளவிலான கூட்டங்களில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "மலையடிவாரத்துக் குழுப் பெண்களும் நம்மள மாதிரிதானே தோப்பு வேலைக்குப் போறாங்க, தமிழ்தானே பேசுறாங்க, செல்போன் வச்சிருக்காங்க, டி.வி. பார்க்குறாங்க. அவங்களை மட்டும் ஏன் பழங்குடின்னு சொல்றீங்க? அவங்களுக்கு மட்டும் ஏன் தனிச் சர்டிபிகேட்?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் பதிலை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடிவதில்லை. தேநீர் ஆறிவிடும், அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுவோம். அதனால் இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். பளியர் சகோதரிகள் இதைப் படித்து, விட்டுப்போனதைச் சொன்னால் அடுத்த இதழில் சேர்த்துக்கொள்வோம்.

முதலில் நம் ஊர்ப் பெயரைப் பாருங்கள். தேவதானம். தெய்வத்துக்குத் தானமாக விட்ட நிலம் என்று அர்த்தம். கோயிலுக்கு நிலம் எழுதிவைத்தால் அதற்கு தேவதானம் என்று பெயர். பிராமணருக்கு எழுதிவைத்தால் பிரமதேயம். அந்தக் காலத்தில் ராஜாக்கள் இதையெல்லாம் கல்லில் வெட்டி வைத்தார்கள், செப்புத் தகட்டில் பொறித்தார்கள். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, கிழக்கே எது எல்லை, மேற்கே எது எல்லை, எல்லாம் எழுத்தில் இருக்கும். ஆக, நம் ஊர்ப் பெயரே ஒரு பத்திரம்தான்.

இப்போது நிமிர்ந்து மேற்கே பாருங்கள். சாஸ்தா கோயில் அணைக்கு மேலே தெரிகிற மலை. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்குக் கல்வெட்டு கிடையாது, செப்பேடு கிடையாது. எழுதிக் கொடுக்கவும் யாரும் இல்லை, வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. மலை இருக்கிறது, நாம் இருக்கிறோம், அவ்வளவுதான். இன்றைக்கு அந்த மக்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் "பேப்பர் எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றித்தான்.

யார் இந்தப் பளியர்?

விருதுநகர், தேனி, திண்டுக்கல், மதுரை, தென்காசி மாவட்டங்களின் மலைகளிலும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் இடுக்கியிலும் வாழும் பழங்குடி மக்கள் பளியர். நம் பக்கத்தில் ராஜபாளையம் அய்யனார்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு, வத்திராயிருப்புப் பக்கம் அத்திகோயில், தாணிப்பாறை ராம்நகர் என்று மலையடிவாரத்தில் அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமிக்குப் போய்வந்த சகோதரிகள் அவர்களைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வழி காட்டுவது, சுமை தூக்குவது, முடியாதவர்களை டோலியில் வைத்து மேலே கொண்டுபோவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள்தான். நாம் மூச்சு வாங்கி உட்காருகிற ஏற்றத்தில் அவர்கள் அரிசி மூட்டையோடு நடப்பார்கள்.

அவர்கள் பேசுவது தமிழ்தான், ஆனால் பேச்சில் ஒரு தனி இழுவை உண்டு. சாமி என்று பார்த்தால் பளிச்சியம்மன், வனதேவதைகள், முருகன். வள்ளி எங்கள் வீட்டுப் பெண், முருகன் எங்கள் மாப்பிள்ளை என்று சொல்லும் பளியர்கள் நிறைய உண்டு. இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வள்ளிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடைத்த குழந்தை என்பதுதானே கதை. அந்தக் கிழங்கை இன்றும் தோண்டத் தெரிந்தவர்கள் அவர்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் நமக்கு அந்தக் கிழங்குக் கொடி எது என்று காட்டத் தெரியுமா?

கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். பின்னால் சட்டம் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும். காட்டு வள்ளியில் பல வகை. சில வகையைச் சுட்டாலே சாப்பிடலாம். சில வகையில் நமைச்சலும் விஷமும் இருக்கும், நறுக்கி, அவித்து, ஓடுகிற தண்ணீரில் போட்டு எடுத்த பிறகுதான் வாயில் வைக்கலாம். எந்தக் கொடி வலப்பக்கம் சுற்றும், எது இடப்பக்கம் சுற்றும், எதன் தண்டில் முள் இருக்கும் என்று பார்த்துத்தான் பிரித்தறிவார்கள். இலை உதிர்ந்து கொடி காய்ந்த பிறகும் அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டுவார்கள். நுனியில் இரும்பு வைத்த கோல்தான் கருவி. முழுக் கிழங்கையும் பிடுங்குவதில்லை. தலைப்பகுதியைக் கொடியோடு விட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வருவார்கள். அடுத்த மழைக்கு அது மறுபடி வளரும். பளியர் உண்ணும் காட்டுக் கிழங்கு, கீரை, காய், கனிகளை வரிசைப்படுத்தித் தாவரவியல் ஆய்வாளர்கள் 2007இல் ஒரு ஆய்வேடே எழுதியிருக்கிறார்கள். படிப்பறிவு இல்லாதவர்கள் என்று நாம் சொல்கிறவர்களிடம் பாடம் கேட்டு எழுதிய ஏடு அது.

தேன் எடுப்பதும் அப்படித்தான். பாறை இடுக்கில் மலைத்தேனீ கட்டுகிற கூட்டை, கொடியில் ஏணி கட்டி இறங்கி எடுக்க வேண்டும். மேலே கயிறு பிடிப்பவர் கையில்தான் உயிர். தென்னாட்டு மலைவாழ் மக்கள் பலரிடமும் ஒரு வழக்கம் உண்டு. கயிறு பிடிப்பது மைத்துனன், அதாவது மனைவியின் சகோதரன். கூடப் பிறந்தவனை விட்டு மச்சானை ஏன் நம்ப வேண்டும்? தன் அக்கா தங்கை தாலி அறுபடக் கூடாது என்று நினைப்பவன் அவன்தானே! யோசித்துப் பார்த்தால் நம் காப்பீட்டுத் திட்டங்களைவிட உறுதியான ஏற்பாடு.

பெண்ணுக்கு மரியாதை

பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியல் ஆய்வாளர் 1962 முதல் 1964 வரை பளியரோடு தங்கி ஆய்வு செய்தார். அவர் எழுதியதில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. பளியர் சமூகத்தில் யாரும் யாரையும் அதட்டுவதில்லை. கணவன் மனைவியை அடக்குவதில்லை, பெரியவர் சிறியவருக்கு உத்தரவு போடுவதில்லை, பிள்ளைகளை அடித்து வளர்ப்பதில்லை. சண்டை வரும்போல இருந்தால் ஒருவர் எழுந்து வேறு இடம் போய்விடுவார். ஆணும் பெண்ணும் தனித்தனியாகவே உணவு தேடத் தெரிந்தவர்கள், அதனால் ஒருவர் மற்றவர் தயவில் இல்லை. போட்டி போடுவதும் முந்துவதும் அவர்களுக்குப் பிடிக்காது.

இது அறுபது வருஷத்துக்கு முந்திய நிலைமை. இன்றைக்கு டாஸ்மாக்கும் தோப்பு முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் அந்த வீடுகளுக்குள்ளும் புகுந்துவிட்டன. எல்லாம் அப்படியே இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நம் குழுக்களில் நாம் என்ன பேசுகிறோம்? சமத்துவம், பெண்ணுக்கும் பேச்சுரிமை, குடும்ப வன்முறை கூடாது. இதையெல்லாம் பயிற்சி வைத்து, சார்ட் ஒட்டி, கதை சொல்லிப் பாடுபட்டுக் கற்றுக்கொள்கிறோம். பக்கத்து மலையில் இதை யாரும் சொல்லித்தராமலே வாழ்ந்த ஒரு சமூகத்தை "நாகரிகம் தெரியாதவங்க" என்று சொல்லிக்கொண்டே!

கூட்டத்தில் பளியர் பெண்கள் வாய் திறப்பதில்லை என்று ஊக்குநர்கள் குறைப்படுகிறார்கள். ஒருவர் சத்தமாகப் பேசும் இடத்தில் எதிர்த்துச் சத்தம் போடாமல் ஒதுங்குவது அவர்கள் வளர்ந்த முறை. அது பயமோ அறிவின்மையோ அல்ல. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசச் சொன்னால் பேசுவார்கள். தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கும் அவசரத்தில் நாம்தான் அதற்குப் பொறுமை காட்டுவதில்லை.

கனடாவில் ஒரு கதை

இதே கார்ட்னர் 1970களில் கனடா நாட்டின் வடக்கே போய் அங்குள்ள தெனே என்ற பழங்குடி மக்களிடமும் ஆய்வு செய்தார். தெனே மக்களின் அண்டை அயலார் கிரீ மக்கள். கனடாவில் எண்ணிக்கையில் பெரிய பழங்குடிகளில் அவர்களும் ஒருவர். பனிக்காட்டில் மான் வேட்டையும் மீனும் அவர்கள் வாழ்க்கை. கிரீ என்பது வெளியார் வைத்த பெயர். சமவெளியில் உள்ளவர்கள் தங்களை நேஹியவக் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அத்தனை தூரத்தில் உள்ளவர்கள் கதை நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். கேட்டால் நம் பக்கத்துக் கதை போலவே இருக்கும்.

1876இல் கனடா அரசு ஒரு சட்டம் போட்டது. யார் பழங்குடி, யார் இல்லை என்று அரசே பட்டியல் வைத்தது. அந்தச் சட்டப்படி பழங்குடிப் பெண் ஒருத்தி வெளியாளைக் கட்டிக்கொண்டால் அவள் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும். பிறந்த ஊரில் குடியிருக்கும் உரிமைகூடப் போய்விடும். ஆண் வெளிப்பெண்ணைக் கட்டினால்? அவனுக்கு ஒன்றும் ஆகாது, வந்தவளுக்கும் பழங்குடி உரிமை கிடைக்கும்! நூறு வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது. பெண்கள் நீதிமன்றம் போனார்கள், ஐ.நா. சபை வரைக்கும் போனார்கள். 1985இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இதோடு பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் போட்டார்கள். முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டனை. இப்படிப் போன பிள்ளைகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில். 2008இல் கனடா பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இன்னொன்றும் உண்டு. 1971இல் ஜேம்ஸ் வளைகுடாப் பகுதியில் பெரிய மின் அணைகள் கட்ட கியூபெக் மாகாண அரசு அறிவித்தது. அங்கே வேட்டையாடி வாழ்ந்த கிரீ மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் வழக்குப் போட்டார்கள். காட்டிலிருந்து வேட்டைக்காரர்கள் வந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்கள். பத்திரம் ஏது? எந்த ஆற்றில் எந்த மாதம் எந்த மீன் வரும் என்பதைத்தான் சொன்னார்கள். "உண்மை முழுவதும் சொல்வேன்" என்று சத்தியம் செய்யச் சொன்னபோது ஒருவர், முழு உண்மை எனக்கு எப்படித் தெரியும், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் என்றாராம். 1973இல் நீதிபதி வேலையை நிறுத்த உத்தரவிட்டார். ஒரு வாரத்தில் மேல் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்துவிட்டது. ஆனாலும் அந்தச் சாட்சியங்களுக்குப் பிறகு அரசு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டியதாயிற்று. 1975இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

நம் காடு யார் கைக்குப் போனது?

நம் பக்கம் 1882இல் வெள்ளைக்காரன் சென்னை வனச் சட்டம் கொண்டுவந்தான். எல்லை போட்டு, ஒதுக்குக்காடு என்று பெயர் வைத்து, உள்ளே நுழைவதைக் குற்றமாக்கினான். ஜமீன் வசம் இருந்த மலைகளும் 1948ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசிடம் வந்தன. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. அணிலும் வேண்டும், புலியும் வேண்டும், அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒவ்வொரு அறிவிப்பின்போதும் ஒரே கேள்வி வந்தது. கிழங்கு தோண்டப் போகலாமா, தேன் எடுக்கலாமா, பளிச்சியம்மனைக் கும்பிடப் போகலாமா?

இதற்குப் பதிலாக வந்ததுதான் வன உரிமைச் சட்டம், 2006. அமலுக்கு வந்தது 31-12-2007. தமிழ்நாட்டில் மட்டும், உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பட்டா கொடுக்க முடியாமல் வருஷக்கணக்கில் இழுத்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நமக்கு முக்கியமான சில விஷயங்களை மட்டும் சொல்கிறோம்.

பழங்குடியினர் 13-12-2005க்கு முன்பிருந்தே அனுபவித்துவரும் வன நிலத்துக்கு உரிமை கேட்கலாம், 4 ஹெக்டேர் வரைக்கும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத்தான் பட்டா. அவர் பெயரில் மட்டும் எழுதுங்கள் என்று யாராவது சொன்னால் சட்டம் அப்படி இல்லை என்று சொல்லுங்கள். தேன், கிழங்கு, நெல்லி, கடுக்காய் போன்ற சிறு வனப்பொருள்கள் மீது உரிமை, சமூக உரிமை எல்லாம் இதில் உண்டு. மனு முதலில் போவது கிராம சபைக்கு. அங்கே தேர்ந்தெடுக்கப்படும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். சரணாலயம், புலிகள் காப்பகம் என்பதால் இந்த உரிமை தானாக ரத்தாகிவிடாது.

சரி, பத்திரம் இல்லாதவர்கள் எதைக் காட்டுவது? இங்கேதான் சகோதரிகளே கவனிக்க வேண்டும். சட்ட விதிகளில் ஆதாரங்களின் பட்டியல் இருக்கிறது. அரசு ஆவணங்கள் மட்டுமல்ல, ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம் (மனு செய்பவரே சொல்லக் கூடாது, வேறு பெரியவர் சொல்ல வேண்டும்). வீடு, வரப்பு, அடக்கம் செய்த இடம், சாமி மரம், தண்ணீர் எடுத்த ஊற்று எல்லாம் ஆதாரம். கிழங்கு தோண்டிய இடமும் ஆதாரம், அதுவும் விதியில் எழுத்திலேயே இருக்கிறது. இவற்றில் ஒன்று போதாது, குறைந்தது இரண்டு வகை வேண்டும்.

அப்படியென்றால் எந்தப் பாறைக்குக் கீழே எந்தக் கொடி என்று தெரிந்த பாட்டிதான் இன்றைக்கு முக்கியமான சாட்சி. அந்த வயதில் உள்ளவர்கள் குடியிருப்புக்கு இரண்டு பேர், மூன்று பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். இந்தத் தலைமுறை போய்விட்டால் பிறகு யாரிடம் எழுதி வாங்குவது? அவர்கள் பேச்சை எழுதுவது எட்டாம் வகுப்பு படித்த எந்தக் குழு உறுப்பினரும் செய்யக்கூடிய வேலை. சொன்னதைச் சொன்னபடி, இடத்தின் பெயரை அவர்கள் சொல்கிறபடியே எழுதி, தேதி போட்டு, கைரேகை வாங்க வேண்டும்.

கடைசியாக, அந்தச் சர்டிபிகேட்

தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் இவர்களுக்குத் தனித்தனியாக மூன்று பெயர்கள் இருக்கின்றன. பள்ளேயன், பள்ளியன், பள்ளியர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதோ பளியர். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் காதில் விழுந்ததை எழுதுவார். தாத்தாவுக்கு ஒரு மாதிரி, அப்பாவுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி. "பழியர்" என்றும் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். பழி சுமப்பவர் என்றல்லவா ஆகிறது! ஒரு எழுத்து மாறினால் விசாரணையில் "இவர் அந்தச் சமூகம்தானா?" என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

1989 நவம்பர் முதல் பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். பொய்ச் சான்றிதழ்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது, நல்ல நோக்கம்தான். ஆனால் பொய்யர்களுக்குப் போட்ட பூட்டு உண்மையானவர்களுக்கும் சேர்ந்தே விழுந்துவிட்டது. பன்னிரண்டாவது முடித்த பெண், கல்லூரிச் சேர்க்கை முடிவதற்குள் சான்றிதழ் கைக்கு வராமல் மில் வேலைக்குப் போய்விடுகிறாள். 1 சதவீத இட ஒதுக்கீடு பழங்குடியினருக்கு இருக்கிறது. அதன் வாசலுக்கே போகாமல் அவள் திரும்பிவிடுகிறாள். வன உரிமை மனுவுக்கும் இதே சான்றிதழ்தான் முதல் கேள்வி.

கலப்புத் திருமணம் பற்றியும் கேட்கிறீர்கள். கனடாவில் நடந்தது போல இங்கே இல்லை. பளியர் பெண் வேறு சமூகத்தவரைக் கட்டிக்கொண்டாலும் அவள் பழங்குடிதான், பிறப்பால் வந்தது கல்யாணத்தால் போகாது. அதேபோல வேறு சமூகப் பெண் பளியரைக் கட்டிக்கொண்டதால் பழங்குடி ஆகிவிட மாட்டாள். பிள்ளைகள் விஷயத்தில் 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு ஒன்று சொன்னது. தகப்பன் வேறு சமூகம் என்றால் பிள்ளையும் அப்படித்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. தாயின் சமூகத்தில் வளர்ந்து, அவர்கள் பட்ட இழிவையும் கஷ்டத்தையும் பிள்ளையும் பட்டிருந்தால் அதை நிரூபித்துத் தாயின் வழியில் உரிமை கேட்கலாம். கணவன் விட்டுப்போய், தாய் வீட்டில் பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பளியர் உறுப்பினர்கள் உள்ள குழுக்களின் ஊக்குநர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு வேலை செய்துவிட்டு வர வேண்டும். உறுப்பினர் வீட்டில் உள்ள பழைய மாற்றுச் சான்றிதழ், தகப்பனார் அல்லது தாத்தாவின் சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எது இருந்தாலும் வாங்கிப் பார்த்து, சாதிப் பெயர் அதில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே, எழுத்தைத் திருத்தாமல், ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தமிழில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் வேறு விதமாகவும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், ஜெராக்ஸ் போதும். குடியிருப்பு வாரியாகப் பிரித்து, எங்கே எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று சேர்ந்து பார்ப்போம். ஒரே குடும்பத்தில் மூன்று விதம் இருக்கிற வீடுகளுக்கு முதலில் மனு எழுதுவோம், இந்த வருஷம் பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்து.